மாதிரி என்பது நகலன்று

2003 ஆகஸ்ட் 9 மாலை, கனடாவின் நியூபவுண்ட்லாந்துத் தீவில் உள்ள கேப் ஸ்பியர் முனையில் 77 வயது முதியவர் ஒருவர் சிறு விமானமொன்றைக் கையால் வானில் எறிந்தார். அதன் இறக்கை விரிவு ஏறத்தாழ 1.8 மீட்டர். எரிபொருளையும் சேர்த்து எடை 5 கிலோவுக்குச் சற்றே குறைவு. அது சேர வேண்டிய இடம் அட்லாண்டிக்கின் மறுகரையான அயர்லாந்து. எறிந்தவரின் பெயர் மேனார்ட் ஹில். சட்டம் பார்வையற்றவர் என்று வகைப்படுத்தும் அளவுக்கு அவர் கண்கள் மங்கியிருந்தன, செவியும் மந்தம். தான் எறிந்த விமானம் மேலேறுவதை அவரால் தெளிவாகக் காண இயலவில்லை.

‘மாதிரி’ என்னும் சொல் தமிழில் இரு திசைகளில் பொருள் தருகிறது. முன்பே உள்ள ஒன்றைப் போன்றது என்பது ஒரு பொருள். இனி ஆக்கப்படவிருப்பதற்கு முன்னோடியாக அமைவது என்பது மற்றொன்று. மாதிரி விமானம் என்றதும் பெரும்பாலோர் மனத்தில் முதற்பொருளே எழுகிறது: பெரிய விமானத்தின் சிறிய நகல், சிறுவர் விளையாட்டு, முதியோர் பொழுதுபோக்கு. பறத்தலின் வரலாறோ இரண்டாம் பொருளின் பக்கம் நிற்கிறது.

மனிதரைச் சுமக்கும் விமானம் தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, 1804இல், இங்கிலாந்தின் ஜார்ஜ் கெய்லி நிலையான இறக்கையும் திருத்தியமைக்கக்கூடிய வாலும் கொண்ட மிதவை மாதிரியொன்றைச் செய்து பறக்கவிட்டார். 1871இல் பாரிஸின் துய்லெரி தோட்டத்தில், முறுக்கிய ரப்பரால் இயங்கும் அல்ஃபோன்ஸ் பெனோவின் மாதிரி 11 விநாடிகள் பறந்தது. எவரும் கட்டுப்படுத்தாமலே அது சாயாமல் சென்றது. விமானத்தின் வால் அதன் சமநிலையைக் காக்க வல்லது என்பதற்கு அந்த 11 விநாடிகள் கண்கூடான சான்றாயின. முழு அளவு விமானத்துக்கான வரைவையும் பெனோ உருவாக்கினார். அதைக் கட்ட ஆதரவு கிட்டவில்லை. 1880இல், 30 வயதில், அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

ஆனால் அவருடைய பொம்மை அவரைக் கடந்து வாழ்ந்தது. பெனோவின் வடிவமைப்பைப் பின்பற்றிய ரப்பர் முறுக்கு ஹெலிகாப்டர் பொம்மையொன்றை 1878இல் அமெரிக்கப் பாதிரியார் ஒருவர் தம் மக்களுக்கு வாங்கிவந்திருந்தார். அப்போது வில்பர் ரைட்டுக்கு வயது 11, ஆர்வில் ரைட்டுக்கு 7. பொம்மை உடைந்ததும் சகோதரர் தாமே வேறு செய்தனர். பின்னர் அவற்றைப் பெரிதாக்க முயன்றனர். பெரிதாக்கப் பெரிதாக்க அவை பறக்க மறுத்தன. நீள அகலங்கள் இருமடங்கானால் இறக்கைப் பரப்பு நான்கு மடங்காகும், எடையோ எட்டு மடங்காகும் என்னும் கணக்கை அவர்கள் அன்று அறியார். அறியாமலே அதன் விளைவைக் கையால் உணர்ந்தனர்.

1903க்குப் பிறகு வரலாற்று நூல்களில் மாதிரியின் இடம் சுருங்கியது. விமானம் பிறந்துவிட்டபின் மாதிரிக்கு என்ன வேலை என்ற எண்ணமே அதற்குக் காரணம். ஹில்லின் வாழ்க்கை இவ்வெண்ணத்துக்கு மறுப்பாக அமைகிறது. 1926இல் பிறந்த அவர் சிறுவயதிலேயே மாதிரிகள் செய்யத் தொடங்கியவர்; தொழிலால் உலோகவியலாளர். 1970இல் வானொலிவழிக் கட்டுப்படுத்தும் மாதிரியொன்றை 8,208 மீட்டர் உயரத்துக்கு ஏற்றி உலகச் சாதனை படைத்தார். வளிமண்டலத்தில் இயல்பாக உள்ள மின்புலத்தை உணர்ந்து விமானத்தைச் சாயாமல் நிறுத்தும் கருவியையும் ஆய்வுக்கூடப் பணியின்போது உருவாக்கினார். அவருடைய ஓய்வுநேர ஈடுபாட்டையும் ஆளில்லா விமான ஆய்வையும் பிரிக்கும் கோட்டை வரைவது எளிதன்று.

அட்லாண்டிக்கைக் கடப்பதற்குத் தடை தொலைவு மட்டுமன்று. சாதனைக்கான அப்போதைய பன்னாட்டு விதிப்படி மாதிரி விமானத்தின் எடை 5 கிலோவைத் தாண்டக்கூடாது என்றிருந்தது. ஆகவே, பால்சா மரத்தாலான உடலை இயன்றவரை மெலிதாக்கி, மொத்த எடையில் ஏறத்தாழ பாதியை எரிபொருளுக்கு விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. கண்ணுக்கு எட்டாத தொலைவில் வழிநடத்த ஜிபிஎஸ் இணைந்த தன்னியக்கக் கருவி பொருத்தப்பட்டது. 2002இல் செய்த முயற்சிகள் தோற்றன. அவற்றின் தொடர்ச்சியாக வந்த ஐந்தாம் விமானம், 38 மணி 52 நிமிடங்களில் சுமார் 3,030 கிலோமீட்டர் கடந்து, ஆகஸ்ட் 11 அன்று அயர்லாந்தின் கிளிஃப்டன் நகருக்கு அருகே தரையிறங்கியது. 1919இல் அல்காக்கும் பிரவுனும் முதன்முதலாக இடைநில்லாமல் அட்லாண்டிக்கைக் கடந்து இறங்கியதும் கிளிஃப்டனுக்கு அருகில்தான். அவர்களுக்குச் சுமார் 16 மணி நேரம் ஆயிற்று.

ஹில் 2011இல் மறைந்தார். பொழுதுபோக்கு என்ற சொல், எஞ்சிய நேரத்தைக் கழிப்பது என்று பொருள்படுகிறது. பார்வை போனபின்னும் மரத்துண்டின் கனத்தை விரல்களால் அளந்தவரின் உழைப்பை அச்சொல் தாங்காது. அறிவு எங்கே உருவாகிறது என்று கேட்கும் வரலாற்றாசிரியர்கள் பல்கலைக்கழகங்களையும் ஆய்வுக்கூடங்களையுமே பெரும்பாலும் நாடுகின்றனர். அட்லாண்டிக்கைக் கடந்த அந்த விமானத்துக்கு ஹில்லின் குழுவினர் சூட்டிய பெயரோ வேறிடத்தைக் காட்டுகிறது. ‘பட்ஸ் பண்ணையின் ஆன்மா’ என்பது அப்பெயர். சோதனைப் பறப்புகளுக்கு இடம் தந்த மேரிலாந்துப் பண்ணையின் நினைவாக வைக்கப்பட்டது.