ஒரு நொடி முன்னால் வரும் குரல்

காலர் என்றால் நமக்குச் சட்டைக் காலர்தான் ஞாபகம் வரும். நான் சொல்ல வருவது வேறு காலர். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், நியூ இங்கிலாந்து என்று அழைக்கப்படும் பகுதியில், சின்னச் சின்ன ஊர்களின் மர மண்டபங்களில் சனிக்கிழமை ராத்திரி காண்ட்ரா நடனம் நடக்கும். ஒருவர் ஃபிடில் வாசிப்பார், ஒருவர் பியானோ. அவர்களுக்குப் பக்கத்தில் மைக்கோடு நின்று, ஆடுகிறவர்களுக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கூப்பிட்டுச் சொல்கிறவர்தான் காலர்.

அங்கே படிக்கப் போன காலத்தில் நானும் ஒருநாள் அந்த மைக்கைப் பிடித்தேன். ஒரே ஒரு ஆட்டம்தான். "ஒண்ணுதானே, கூப்பிட்டுப் பாருங்க" என்றார் அன்றைய காலர். ரெண்டு வருஷமாக ஆடிக்கொண்டிருந்தவன், எல்லா அடவும் அத்துப்படி. என்ன பெரிய விஷயம் என்று ஏறிவிட்டேன்.

ஆட்டத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு நீண்ட வரிசைகள், ஜோடி எதிரும் புதிருமாக. இசைக்குழு இருக்கும் முனையிலிருந்து நாலு நாலு பேராகக் கைகோர்த்துப் பிரிந்துகொள்வார்கள். பாட்டு கிடையாது, மெட்டு மட்டும். ஒரு சுற்றுக்கு 64 தட்டு. அந்த 64 தட்டுக்குள் நாலு பேரும் வட்டம் சுற்றி, கைகளை நட்சத்திரம்போலச் சேர்த்து நடந்து, ஜோடியைப் பிடித்துச் சுழன்று முடிக்கும்போது, ஒவ்வொரு ஜோடியும் வரிசையில் ஒரு இடம் நகர்ந்திருக்கும். எதிரே புது ஜோடி. மறுபடியும் அதே 64 தட்டு. கோலாட்டத்தில் எதிராள் மாறிக்கொண்டே வருவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஒரு சுற்று ஏறக்குறைய அரை நிமிஷம். பத்து நிமிஷம் ஆடினால் வரிசையில் இருக்கிற டாக்டர், மரவேலைக்காரர், பள்ளிக்கூடப் பையன் எல்லோர் கையையும் ஒருமுறையாவது பிடித்திருப்பீர்கள்.

காலர் முதலில் இசை இல்லாமல் எல்லோரையும் ஒருமுறை நடக்க வைப்பார். இசை தொடங்கியதும் ஒவ்வொரு அடவையும் அது தொடங்குவதற்கு முன்பே சொல்லி முடிக்க வேண்டும். அங்கேதான் சூட்சுமம். "சுழலுங்க" என்ற சொல்லின் கடைசி எழுத்து முந்தைய தட்டிலேயே விழுந்துவிட வேண்டும். அப்போதுதான் அடுத்த தட்டில் கால் எழும்.

நான் என்ன செய்தேன்? தாளத்தோடு சரியாகச் சொன்னேன். பாட்டுக்காரன்போல, அச்சுப் பிசகாமல், தட்டு விழும்போதே சொன்னேன். நாற்பது பேர் ஒரே சமயத்தில் அரைத் தட்டு பின்தங்கினார்கள். அந்தப் பிசகு வரிசையின் வால்வரை போய்ச் சேர்வதை மேடையிலிருந்து பார்க்க முடிந்தது. பதற்றத்தில் இன்னும் அதிகமாகப் பேசினேன். இன்னும் குழம்பியது. மூன்றாவது சுற்றில் தொண்டை அடைத்து நிறுத்திவிட்டேன். நிறுத்தியதும் ஆட்டம் தானாகச் சரியானது! வரிசையிலிருந்த ஒரு பாட்டியம்மா பக்கத்தில் வந்தவர்களைத் தோளைத் தொட்டுத் திருப்பிவிட்டார். ஃபிடில்காரர் மெட்டின் முனைகளை அழுத்தி வாசித்தார். கூட்டம் தன் பாட்டுக்கு ஆடியது.

இறங்கி வந்ததும் அந்தக் காலர் சொன்னார்: "நிறுத்தினீங்க பாருங்க, அது மட்டும் சரி. நாலஞ்சு சுற்றுக்கு மேல நம்ம குரல் அவங்களுக்குத் தேவைப்படக் கூடாது."

இந்த வேலை எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

காண்ட்ராவின் வேர் இங்கிலாந்தில். 1651-இல் ஜான் பிளேஃபோர்ட் வெளியிட்ட 'தி இங்கிலிஷ் டான்சிங் மாஸ்டர்' என்ற புத்தகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நாட்டுப்புற நடனங்கள் மெட்டோடு அச்சாகின. அவை கடல் தாண்டி பிரான்சுக்குப் போயின. 'கண்ட்ரி டான்ஸ்' அங்கே 'காண்ட்ரடான்ஸ்' ஆனது. கப்பலேறி அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும் வந்தன. 1788-இல் ராட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரில் ஜான் கிரிஃபித்ஸ் என்ற நடன ஆசிரியர் ஆட்டங்களைத் தொகுத்து அச்சிட்டார். காசு கொடுத்து ஆசிரியரிடம் கற்று, மனப்பாடம் செய்துகொண்டு விருந்துக்குப் போக வேண்டிய காலம் அது. வரிசையின் தலைமாட்டில் நிற்கும் ஜோடிதான் எந்த ஆட்டம் என்று முடிவு செய்யும். கீழே இருப்பவர்கள் பார்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். மைக் இருக்கட்டும், கூப்பிட்டுச் சொல்ல ஒரு ஆளே கிடையாது. நடனம் தெரிந்திருப்பது அந்தஸ்தின் அடையாளம். தெரியாதவனுக்குச் சுவரோரம்தான் இடம்.

அப்புறம் காலர் எப்படி வந்தார்?

இங்கேதான் வரலாறு நம்மைக் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்க வைக்கிறது. அமெரிக்காவில் வெள்ளையர்களின் விருந்துகளுக்கு வாசித்தவர்களில் பெரும்பகுதியினர் கறுப்பர்கள். தெற்கே அடிமைகள், வடக்கே சுதந்திரம் பெற்றவர்கள். பிலடெல்பியாவின் உயர்குடி விருந்துகளுக்கு இசை நடத்தியவர் ஃபிரான்சிஸ் ஜான்சன் என்ற கறுப்பின இசைக்கலைஞர். 1837-இல் தன் குழுவோடு இங்கிலாந்துவரை போய் வாசித்தார். அதே காலத்தில் நியூயார்க் மாநிலத்தில் ஃபிடில் வாசித்துப் பிழைத்த சாலமன் நார்த்தப், 1841-இல் கடத்தப்பட்டு லூசியானாவில் பன்னிரண்டு வருஷம் அடிமையாக இருந்தார். அங்கேயும் எஜமானர்களின் விருந்துகளில் அவரை வாசிக்க வைத்தார்கள். ஃபிடில் இல்லாவிட்டால் அந்த வருஷங்களைத் தாங்கியிருக்க முடியாது என்று அவரே பின்னால் எழுதினார்.

வாசித்துக்கொண்டே அடவுகளைக் கூப்பிட்டுச் சொல்லும் வழக்கம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்படிப்பட்ட கறுப்பின இசைக்கலைஞர்களிடமிருந்துதான் வந்தது என்று 'ஹோடவுன்ஸ், ரீல்ஸ் அண்ட் ஃப்ராலிக்ஸ்' (2015) என்ற நூலில் வாதிடுகிறார் ஃபில் ஜேமிசன். அவரும் ஒரு காலர்தான். யோசித்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய மாற்றம்! கூப்பிட்டுச் சொல்ல ஒருவர் இருந்தால் ஆசிரியருக்குக் காசு வேண்டாம், மனப்பாடம் வேண்டாம். வயலிலிருந்து வந்தவனும் ஆடலாம். நடன ஆசிரியர்களுக்கு இது பிடிக்காமல் போனதில் ஆச்சரியம் என்ன? சுவரோரம் நின்றவர்களை வரிசைக்குள் இழுத்தது, தானே அந்த வரிசையில் நிற்க முடியாத ஒருவரின் குரல்.

நூறு வருஷம் தாண்டி வாருங்கள். கார் முதலாளி ஹென்றி ஃபோர்டுக்கு ஜாஸ் இசை ஆகாது. அவருடைய 'டியர்பார்ன் இன்டிபென்டன்ட்' பத்திரிகை, ஜாஸ் யூதர்களின் சதி என்று 1921-இல் எழுதியது. மாற்று மருந்தாக அவர் கையில் எடுத்தது பழைய நடனங்களை. மாசசூசெட்ஸிலிருந்து பெஞ்சமின் லவெட் என்ற நடன ஆசிரியரைக் கூட்டி வந்தார். 1926-இல் 'குட் மார்னிங்' என்று நடனப் புத்தகம் போட்டார். பள்ளிக்கூடங்களில் சொல்லிக் கொடுக்க வைத்தார். 1937-இல் லவெட் பெயரில் மண்டபமே கட்டினார். இந்தச் சதுர நடனங்களும் காண்ட்ராவும் கலப்பில்லாத வெள்ளை அமெரிக்காவின் சொத்து என்பது அந்தப் பிரச்சாரத்தின் உள்ளர்த்தம். காலர் என்ற வேலையையே உருவாக்கியவர்கள் யார் என்ற கேள்வி அதற்குள் காணாமல் போனது. அந்தப் படிமம் பலருடைய மனதில் இன்றும் அப்படியே இருக்கிறது.

ஆனால் நான் ஆடப் போன காண்ட்ரா ஃபோர்டால் மட்டும் பிழைத்ததில்லை. மற்ற ஊர்களில் அது மறைந்துகொண்டிருந்தபோதும் நியூ ஹாம்ப்ஷயரின் கிராமங்களில் விடாமல் ஆடினார்கள். அங்கே பிறந்த ரால்ஃப் பேஜ் (1903–1985) காலராக வாழ்ந்தார். 1949 முதல் 1984 வரை 'நார்தர்ன் ஜங்கட்' என்ற சிறுபத்திரிகையை நடத்தி, ஆட்டங்களையும் மெட்டுகளையும் சமையல் குறிப்புகளையும்கூடப் பதிவு செய்தார். அறுபதுகளில் டட்லி லாஃப்மன் வந்தார். அவருடைய கேன்டர்பரி குழு 1965-இல் நியூபோர்ட் நாட்டார் இசைவிழாவில் வாசித்தது. போரை வெறுத்த, முடி வளர்த்த இளைஞர்கள் தாத்தாக்களின் நடனத்தைத் தேடி மண்டபங்களுக்கு வந்தார்கள்.

வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை, சொற்களையும் மாற்றினார்கள். முன்பு "ஆண்கள் இந்தப் பக்கம், பெண்கள் அந்தப் பக்கம்" என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போது பல மண்டபங்களில் இடப்பக்கம் நிற்பவர் லார்க், வலப்பக்கம் நிற்பவர் ராபின். இரண்டும் பறவைப் பெயர். யாரும் எந்தப் பறவையாகவும் ஆடலாம். தொடாமல் கண்ணைப் பார்த்தபடியே ஒருவரையொருவர் சுற்றும் அடவுக்கு 'ஜிப்ஸி' என்று பெயர் இருந்தது. ரோமா மக்களை அது புண்படுத்துகிறது என்று பல காலர்கள் அதை விட்டுவிட்டு 'வலத்தோள் சுற்று' என்கிறார்கள். "பழசை ஏன் நோண்டுறீங்க" என்று முணுமுணுப்பவர்களும் உண்டு. ஆனால் பழசே மாறி மாறித்தானே இங்கே வந்து சேர்ந்தது? வாய் திறந்து கூப்பிடுவதே ஒருகாலத்தில் ஒழுங்கீனம்.

எனக்கு உறுத்துவது வேறு. நல்ல காலரின் குரல் அடங்கிவிட வேண்டும் என்று கற்றுக்கொண்டேன். அது அவரே முடிவு செய்கிற மௌனம். கூட்டம் கற்றுக்கொண்டது என்று தெரிந்து, சிரித்தபடி மைக்கைத் தாழ்த்துகிற மௌனம். அந்தப் பழைய ஃபிடில்காரர்களின் மௌனம் அப்படிப்பட்டதில்லை. அவர்களிடம் கற்றுக்கொண்ட கூட்டம், யார் சொல்லிக் கொடுத்தது என்பதையே மறந்துவிட்டது. முதல் மௌனத்தைச் சாக்காக வைத்து இரண்டாவதைக் கடந்துபோக முடியாது.

அதற்கப்புறம் இன்னொரு முறை கூப்பிட்டேன். எளிமையான ஆட்டம், சின்ன வரிசை. இந்தத் தடவை ஒரு தட்டு முன்னாலேயே சொல்லி முடித்தேன். ஐந்தாவது சுற்றில் நிறுத்தினேன். யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் சுழன்றுகொண்டிருந்தார்கள். ஃபிடில்காரர் மட்டும் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். இந்த வேலையை முதலில் செய்தவர் கையிலும் ஃபிடில்தான் இருந்திருக்கும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது. அவர் கண்டுபிடித்த அந்த ஒரு தட்டு மட்டும் என் வாயில் இருந்தது.