சோழர் கூடத்தில் ஒரு பல்லவ வெண்பா

கிண்டி ஐ.டி.சி. கிராண்ட் சோழாவுக்கு ஒரு கல்யாண வரவேற்புக்காகப் போயிருந்தேன். 2012இல் திறந்த ஓட்டல், 600 அறைகள். தஞ்சைப் பெரிய கோயிலை மனதில் வைத்து அமைத்த உள்ளலங்காரம். தூண்களைச் செதுக்கியவர்கள் மாமல்லபுரத்துச் சிற்பிகள். அழகுதான், பொய் சொல்வானேன்! ஆனால் கே.ஜி.கண்டிகைக்காரனான எனக்கு ஒரு நெருடல். மாமல்லபுரம் பல்லவர் ஊராச்சே! சென்னை இருக்கிற தொண்டை மண்டலமும் அவர்கள் ஆண்டதுதானே?

எங்கள் திருத்தணியில், முருகனைப் பார்க்க மலையேறும் கூட்டம் அதிகம் எட்டிப் பார்க்காத வீரட்டானேஸ்வரர் கோயில் இருக்கிறது. யானை முதுகுபோல் வளைந்த விமானம். பல்லவன் அபராஜிதவர்மன் காலத்தில் நம்பி அப்பி என்பவர் கல்லால் எடுப்பித்தது. அதைப் பாராட்டி அரசனே பாடிய வெண்பா அங்கே கல்வெட்டாக இருக்கிறது. யாரோ கட்டிய கோயிலுக்கு ராஜா வெண்பா பாடியிருக்கிறார், பாருங்கள். 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்த அபராஜிதனை வீழ்த்தித்தான் முதலாம் ஆதித்த சோழன் இந்தப் பகுதியைப் பிடித்தான். இன்றைக்குக் கிண்டியில் ஜெயித்தவர் பெயர் மட்டும் பளபளக்கிறது.

ஓட்டலை அடுத்து எப்போது புதுப்பித்தாலும், ஒரு சுவரில் அந்த வெண்பாவைச் செதுக்கச் சொல்லலாம். ஆள் தேட வேண்டியதில்லை, அதே மாமல்லபுரத்துக்காரர்கள் போதும்.