வெள்ளாற்றங்கரையிலிருந்து சிங்கப்பூர்: முதற்பயணம் திட்டமிடப்பட்ட வரலாறு

தமிழகத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து கடல்கடந்த பெருநகரத்துக்கு முதன்முறையாகச் சென்றவர், புறப்படுவதற்கு முன் எவற்றையெல்லாம் அறிந்திருக்க வேண்டியிருந்தது, அவ்வறிவை யாரிடமிருந்து பெற்றார், எந்தெந்தத் தாள்களையும் பொருள்களையும் சேர்த்துக்கொண்டார் என்னும் கேள்விகள், புலம்பெயர்வு பற்றிய வரலாற்றில் உரிய இடத்தைப் பெறவில்லை. கப்பலேறியவர்களின் எண்ணிக்கையும் இறங்கிய துறையில் அவர்களுக்குக் கிடைத்த கூலியும் அரசு அறிக்கைகளில் பதிவாயின. புறப்பாட்டுக்கு முந்தைய மாதங்களோ குடும்பத்துக்குள்ளும் தெருத்திண்ணைகளிலும் கழிந்தமையால் பதிவின்றிப் போயின. கடலூர் மாவட்டத்தில், நெய்வேலிக்குத் தெற்கே, வெள்ளாற்று அணைக்கட்டை ஒட்டி அமைந்துள்ள சேத்தியாத்தோப்பையும் அதைச் சூழ்ந்த ஊர்களையும் மையமாகக் கொண்டு சிங்கப்பூர்ப் பயணத்தின் இரு நூற்றாண்டுகளை நோக்கினால், கப்பலும் சட்டமும் பலமுறை மாறியபோதும், அந்த நகரத்தில் யாருடைய பொறுப்பில் போய் இறங்குவது என்ற ஒன்றே திட்டத்தின் அச்சாக இருந்துவந்தது புலப்படும்.

சேத்தியாத்தோப்பைத் தாண்டிச் செல்லும் வெள்ளாறு கடலோடு கலக்கும் பரங்கிப்பேட்டை, ஐரோப்பியரால் போர்ட்டோ நோவோ என்றும் இசுலாமிய வணிகரால் மஹ்மூது பந்தர் என்றும் அழைக்கப்பட்ட பழைய துறைமுகமாகும். பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இங்கிருந்து கைத்தறித் துணிகள் மலாக்காவுக்கும் சுமத்திராவின் அச்சே துறைக்கும் சென்றன. துணியோடு மரைக்காயர் வணிகரும் மாலுமிகளும் சென்றனர். பாய்மரக் கப்பல்களின் காலத்தில் பயண நாளைப் பருவக்காற்று குறித்தது. தென்மேற்குக் காற்று கிழக்கே கொண்டுசெல்ல, வடகிழக்குக் காற்று திரும்பக் கொணர்ந்ததால், புறப்பட்டவர் இடைப்பட்ட மாதங்களை அயல்துறையிலேயே கழிக்க வேண்டியிருந்தது. ஆகவே தங்குமிடமும் உணவும் தொழுகைக்கு இடமும் உள்ள துறையையே அவர்கள் நாடினர். 1819இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் குடியேற்றத்தை நிறுவியபோது பினாங்கிலிருந்து அவருடன் வந்த நாராயண பிள்ளை அங்குத் தமிழர் குடியிருப்புக்கு முன்னோடியாக இருந்தார். சூலியா பள்ளிவாசல் எனப்படும் ஜாமிஆ பள்ளிவாசல் 1826இலும் மாரியம்மன் கோயில் 1827இலும் அங்கே தோன்றின. நாகூர் தர்காவின் நினைவாக எழுந்த கட்டடமும் விரைவில் அவற்றோடு சேர்ந்தது. இதனால், நகரம் தோன்றிப் பத்தாண்டு முடிவதற்குள்ளேயே, கரையேறும் புதியவர் முதலில் போய் நிற்க வேண்டிய வாசல்கள் உருவாகியிருந்தன.

நீராவிக் கப்பலும் இரயிலும் வந்தபின் பரங்கிப்பேட்டை பின்தங்கி, நாகப்பட்டினம் முன்னே வந்தது. 1870களின் இறுதியில் தென்னிந்திய இரயில்வேயின் முதன்மைப் பாதை கடலூர், சிதம்பரம் வழியாக மாயவரத்தை நோக்கி நீண்டது. இரயில் நிலையம் இல்லாத சேத்தியாத்தோப்பிலிருந்து புவனகிரி வழியாக மாட்டுவண்டியில் சிதம்பரம் சென்று இரயிலேறுவதே பயணத்தின் முதற்கட்டமாயிற்று. நாகப்பட்டினத்தில் கப்பல் கரையோரமாக வந்து நிற்பதில்லை. கடலில் நங்கூரமிட்ட கப்பலுக்குப் பயணிகள் படகில் கொண்டுசெல்லப்பட்டனர். ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் கொந்தளிப்பில் அந்தச் சிறு தொலைவே மிகக் கடினமானதாக இருந்தமையால், நீராவிக் காலத்திலும் பருவத்தைப் புறக்கணித்துவிட முடியவில்லை.

இக்காலத்தில் பெருந்தொகையான உழைப்பாளர்களுக்குப் பயணத்தைத் திட்டமிட்டவர் கங்காணி ஆவார். தோட்டத்தில் மேற்பார்வையாளராக வேலை செய்துகொண்டிருந்த ஒருவர், உரிமச்சீட்டுடன் சொந்த ஊருக்கு அனுப்பப்பட்டு, உறவினரையும் ஊராரையும் முன்பணம் கொடுத்துத் திரட்டிச் செல்லும் முறையே கங்காணி முறை. தென்னார்க்காடு, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, சேலம் ஆகியவை ஆள்கள் மிகுதியாகத் திரட்டப்பட்ட மாவட்டங்களுள் அடங்கும். பெரும்பாலோர் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்றாலும், சிங்கப்பூரின் துறைமுகத்திலும் நகராட்சியின் சாலை, துப்புரவுப் பணிகளிலும் தமிழ் உழைப்பாளர் பலர் சேர்ந்தனர். கங்காணியுடன் சென்றவருக்கு எதையும் விசாரித்தறிய வாய்ப்போ தேவையோ வைக்கப்படவில்லை என்பதை இம்முறையின் பெருங்கொடுமையாகக் கருத வேண்டும். வழி, செலவு, தங்குமிடம், கூலி அனைத்தும் ஒருவருடைய வாய்ச்சொல்லில் அடங்கியிருக்க, அந்தச் சொல் பொய்த்தால் முறையிடுவதற்கு வேறு யாரையும் அறியாத நிலையில் அவர் நின்றார். 1922ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் இதைக் கட்டுப்படுத்த முயன்றது. 1938இல் மலாயாவுக்கு உதவிப்பணத்துடன் உழைப்பாளரை அனுப்புவதை இந்திய அரசு தடை செய்தது.

எழுத்தறிவு உடையவர்களுக்கு நகரத்தைப் பற்றிய செய்தி அச்சிலும் வந்தது. மகுதூம் சாகிப் 1887இல் சிங்கப்பூரிலிருந்து ‘சிங்கை நேசன்’ என்னும் இதழைத் தொடங்கினார். அதே ஆண்டில் யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதரின் ‘சிங்கைநகரந்தாதி’ வெளிவந்தது. முதற்பயணம் என்னும் நோக்கில் இவற்றைக் காட்டிலும் பயனுள்ள நூல், ரங்கசாமி தாசன் இயற்றி 1893இல் சிங்கப்பூரில் அச்சான ‘அதிவிநோதக் குதிரைப்பந்தய லாவணி’ எனலாம். குதிரைப் பந்தயம் காணப் புறப்படும் இணையர் வழியில் காணும் காட்சிகளைப் பாடும் அந்நூல், நகரத்தின் தெருக்களையும் பலவகை மக்களையும் கேட்பவர் மனத்தில் வரிசையாகப் பதிக்கும் தன்மையுடையது. லாவணி வாய்விட்டுப் பாடப்படும் வடிவமாதலால், படிக்கத் தெரியாதவரும் இந்த வகை நூலைக் கேட்டே அறிய இயலும்.

எனினும் நூலை நம்பி யாரும் கப்பலேறவில்லை. முகவரியை நம்பியே ஏறினர். நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்குச் சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவில் கிட்டங்கிகள் இருந்தன. ஒரே கட்டடத்தில் பல வட்டித்தொழில் நிறுவனங்கள் இயங்கி, அங்கேயே உண்டு உறங்கும் இடத்தையே கிட்டங்கி என்றனர். கடையநல்லூர், தென்காசி வட்டாரத்து இசுலாமியர் ஊர்வாரியாகத் திரண்டு வாழ்ந்தனர். 1941இல் தோன்றிய சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் அந்தத் திரட்சியின் நிறுவன வடிவமாகும். வெள்ளாற்றுப் பகுதியின் உழவர் குடும்பங்களுக்கு அத்தகைய வலுவான அமைப்புகளின் துணை இல்லாத நிலையில், சிராங்கூன் சாலையிலோ தேக்கா சந்தைப் பக்கத்திலோ கடை வைத்திருந்த, அல்லது துறைமுக வரிசை வீட்டில் குடியிருந்த ஓர் உறவினரின் பெயரே துணையாயிற்று. அவர் பெயரும் கடை எண்ணும் எழுதப்பட்ட தாள், பணத்தைவிடப் பத்திரமாக வைக்கப்பட வேண்டிய பொருளாகும்.

பணக்கணக்கும் முன்கூட்டியே போடப்பட்டது. சிங்கப்பூர்த் தமிழர் ‘வெள்ளி’ என்று வழங்கிய டாலரின் மதிப்பு 1906இல் 2 ஷில்லிங் 4 பென்ஸ் என நிலைநிறுத்தப்பட்டது. 1927இல் ரூபாயின் மதிப்பு 1 ஷில்லிங் 6 பென்ஸ் என உறுதியானபின் ஒரு வெள்ளிக்கு ஏறத்தாழ ஒன்றரை ரூபாய் கிடைத்தது. போரும் விடுதலையும் இடையே வந்துபோயும் இந்தக் கணக்கு 1966 வரை பெரிதும் மாறாதிருந்ததால், தந்தையின் தலைமுறை போட்ட கணக்கை மகனின் தலைமுறையும் மனக்கணக்காகவே பயன்படுத்த முடிந்தது. 1966 ஜூனில் இந்திய ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டு ஒரு வெள்ளி இரண்டரை ரூபாயை நெருங்கியபோது, ஊருக்குப் பணம் அனுப்புவோருக்கு ஆதாயமும் புதிதாகப் புறப்படுவோருக்குச் சுமையும் ஒரே நாளில் ஏற்பட்டன.

இப்பயணங்களோடு நீங்காது இணைந்த பெயர் ‘ரஜூலா’ என்பதாகும். பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனத்துக்காக 1926இல் கட்டப்பட்ட இக்கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்ற வழியில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப்பயணிகளை ஏற்றும் அனுமதி பெற்றிருந்தது. அறையோ கட்டிலோ இல்லாமல் கப்பலின் தளத்திலேயே பாய்விரித்துப் படுப்பவரே தளப்பயணி. எனவே பாய், தலையணை, போர்வை, டிரங்குப் பெட்டி, ஊறுகாய், பொடி வகைகள் என்று மூட்டை கட்டுவது வெறும் பழக்கமன்று, ஒரு வாரத்துக்கும் குறையாத வாழ்க்கைக்கான ஏற்பாடாகும். அம்மைத் தடுப்பூசிச் சான்று தவறாமல் தேவைப்பட்டது. கப்பலில் தொற்றுநோய் கண்டால் தளப்பயணிகள் சிங்கப்பூருக்குத் தெற்கிலுள்ள செயின்ட் ஜான்ஸ் தீவில் தனித்து வைக்கப்பட்டனர். நகரம் கண்ணுக்குத் தெரிய, உறவினர் கரையில் காத்திருக்க, தீவில் நாள்களை எண்ணியவர்களின் துயரத்தைக் கப்பல் கால அட்டவணைகள் எதுவும் கணக்கில் கொள்ளவில்லை.

1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானிய ஆக்கிரமிப்பு இந்த வழியை அடியோடு அறுத்தது. மீண்டும் கப்பல்கள் ஓடத் தொடங்கியபோது, முன்பு உறவினரின் சொல்லே போதுமானதாக இருந்த இடங்களிலெல்லாம் தாள்கள் வந்து அமர்ந்திருந்தன. சிங்கப்பூரில் 1953இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் புதியவரின் வருகையைக் குறிப்பிட்ட வகையினருக்குள் சுருக்கியது. இந்தியாவிலும் கடவுச்சீட்டு என்பது குடிமகனின் உரிமையாக அல்லாமல் அரசின் விருப்பத்துக்கு உட்பட்ட சலுகையாகவே நடத்தப்பட்டது. செல்லத்தக்க நாடுகளின் பெயர்கள் அதில் தனித்தனியே எழுதப்பட்டன. 1967இல் சத்வந்த் சிங் வழக்கில், வெளிநாடு செல்வது தனிமனித சுதந்திரத்தின் பகுதியே என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரே கடவுச்சீட்டுச் சட்டம் அதே ஆண்டில் இயற்றப்பட்டது. சிற்றூர் மக்களின் பயண வரலாற்றில் எந்தக் கப்பலின் வருகையைவிடவும் அத்தீர்ப்பு பெரிய நிகழ்வாகும். அப்போதும், பயணச்சீட்டு வாங்குவதற்கே ரிசர்வ் வங்கியின் இசைவைக் குறிக்கும் ‘பி’ படிவம் வேண்டியிருந்தது. கையில் கொண்டுசெல்ல அனுமதிக்கப்பட்ட அந்நியச் செலாவணியோ பலருக்கு அமெரிக்க டாலர் எட்டு மட்டுமே. எட்டு டாலருடன் ஒரு பெருநகரத்தில் இறங்குபவருக்கு முதல் இரவுச் சோறு போட ஓர் உறவினர் இல்லையென்றால் பயணமே இல்லை. அரசின் கட்டுப்பாடு இவ்வாறு பழைய உறவுப் பிணைப்பை மேலும் இறுக்கியது.

இதே காலத்தில் சேத்தியாத்தோப்புக்கு அருகிலேயே முற்றிலும் வேறான வெளிநாட்டுப் பயண முறை ஒன்று தோன்றியது. 1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டு, சோவியத் உதவியுடன் அனல்மின் நிலையமும் ஜெர்மானிய எந்திரங்களுடன் சுரங்கமும் அமைந்தபோது, பயிற்சிக்காக அந்நாடுகளுக்கு அனுப்பப்பட்ட பொறியாளர்களின் கடவுச்சீட்டையும் தங்குமிடத்தையும் செலவையும் நிறுவனமே கவனித்துக்கொண்டது. அடுத்தடுத்த ஊர்களிலிருந்து புறப்பட்ட இருவரில், ஒருவருக்கு அரசு பொறுப்பேற்க, மற்றவர் நிலத்தையோ நகையையோ அடகு வைத்துத் தம் பொறுப்பைத் தாமே தேட வேண்டியிருந்த வேறுபாடு, கல்வி வாய்ப்பின் வேறுபாட்டிலிருந்து பிறந்ததாகும்.

‘ரஜூலா’ 1970களின் தொடக்கத்தில் ஓய்வுபெற, ‘பாஸ்தர்’ என்ற பிரெஞ்சுக் கப்பலை வாங்கி இந்தியக் கப்பல் கழகம் ‘எம்.வி. சிதம்பரம்’ எனப் பெயரிட்டு ஓட்டியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அக்கப்பலில் மூண்ட தீ பல உயிர்களைப் பலிகொண்டதோடு, தமிழகத்துக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான பயணிகள் கப்பல் போக்குவரத்தையும் முடிவுக்குக் கொண்டுவந்தது. அதன்பின் பயணம் சென்னை, திருச்சி விமான நிலையங்களுக்கு மாறி, ஒரு வாரம் நான்கு மணி நேரமாகச் சுருங்கியது. கப்பல் தளத்தில் கழிந்த அந்த ஒரு வாரம், பலமுறை போய்வந்தவர்களிடம் புதியவர் நகரத்தின் நடைமுறைகளைக் கேட்டறியும் காலமாகவும் பயன்பட வல்லதாயிருந்தது. விமானத்தில் அதற்கு இடமில்லை.

இன்று சுற்றிப்பார்க்கச் செல்பவர், அங்கீகரிக்கப்பட்ட முகவர் வழியாக நுழைவிசைவு பெற்று, இறங்குவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்பினால் போதும். கட்டுமான வேலைக்குச் செல்லும் இளைஞரின் திட்டமோ இன்னும் நீளமானது. சிங்கப்பூர் அரசு ஏற்றுக்கொண்ட திறன்தேர்வு மையம் ஒன்றில் பயின்று தேர்ச்சி பெற வேண்டும். வேலை அனுமதிக்கான முன்னிசைவுக் கடிதம் வர வேண்டும். இவற்றுக்கிடையே முகவர்களுக்குக் கொடுக்கும் தொகை பெரும்பாலும் வட்டிக் கடனாகவே திரட்டப்பட்டு, முதல் ஆண்டின் சம்பளத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர் வேலைக்காக மலேசியா உள்ளிட்ட குறிப்பிட்ட நாடுகளுக்குச் செல்வதற்குக் குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் இசைவு தேவை. அந்தப் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை. அதனால் முதலாளியின் பெயரையும் சம்பளக் கணக்கையும் முகவரின் உரிமத்தையும் சரிபார்க்கும் வேலை, சிராங்கூன் சாலையில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கூடும் முன்சென்ற ஊர்க்காரர்களிடமே, கைப்பேசி வழியாக இன்றும் வந்துசேர்கிறது.