கோடரி முறிக்கும் நாள்

எருசலேம் கோவிலின் பலிபீடத்தில் எரியும் நெருப்பு ஒருபோதும் அணையலாகாது என்பது லேவியர் நூலின் ஆறாம் அதிகாரம் தரும் கட்டளை. நாள்தோறும் காலையில் குரு அதன்மேல் விறகு அடுக்க வேண்டும் என்றும் அவ்விடமே கூறுகிறது. அக்கோவிலின் பலிகளைப் பற்றி நாம் பலமுறை வாசித்திருக்கிறோம்; மறையுரைகளிலும் கேட்டிருக்கிறோம். ஆயின் அந்த நெருப்புக்கு இட்ட விறகு எங்கிருந்து வந்தது? மாதக்கணக்கில் நீளும் மழைக்காலத்துக்கென்று அதனை எவ்வாறு பக்குவப்படுத்தினார்கள்? விறகடுப்பு ஊதிப் பழகிய நம் தாய்மார்கள் முதலில் கேட்கக்கூடிய கேள்வி இதுதான். அடைமழை நாளில் அடுக்கிலிருந்து உருவிய கட்டையில் வெண்மையும் பசுமையுமாய்ப் பூஞ்சணம் படர்ந்திருக்கக் கண்டு மனம் சோர்ந்தவர்கள் அவர்கள் அல்லவா?

பலிபீடத்துக்கு விறகு வெட்டும் வேலை முதலில் கிபயோனியர் மேல் சுமத்தப்பட்டதாக யோசுவா நூல் சொல்கிறது. பாபிலோனிய அடிமைத்தனத்துக்குப் பின் நாடு திரும்பிய மக்களோ அப்பணியைத் தாங்களே ஏற்றுக்கொண்டனர். குருக்கள், லேவியர், பொதுமக்கள் ஆகிய அனைவர் பெயரிலும் சீட்டுப் போட்டு, ஆண்டுதோறும் குறித்த காலத்தில் இன்னின்ன குடும்பத்தார் விறகு கொணர வேண்டும் என்று முறை வகுத்த செய்தியை நெகேமியா நூலின் பத்தாம் அதிகாரத்தில் காண்கிறோம். அடிமைகளின் சுமையாயிருந்த வேலை இவ்வாறு மக்கள் அனைவரின் காணிக்கையாயிற்று.

கி.பி. 200ஆம் ஆண்டையொட்டித் தொகுக்கப்பெற்ற மிஷ்னா என்னும் யூத மரபுச் சட்டத் தொகுப்பு இம்முறையை மேலும் விளக்குகிறது. விறகு கொணர ஆண்டில் ஒன்பது நாள்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஆவ் மாதத்தின் பதினைந்தாம் நாள் தனிச்சிறப்பு வாய்ந்தது. தம் குலம் இன்னதென்று அறியாதவர்களும் அந்நாளில் விறகு கொணரலாம். வம்சாவளிப் பட்டியலைக் கண்ணெனப் போற்றிய ஒரு சமுதாயத்தில், பட்டியலில் இடமற்றவன் தோளில் சுமந்து வந்த கட்டையும் பலிபீடத்தை அடைந்தது. அந்நாளில் எருசலேமின் இளம்பெண்கள் வெண்ணிற ஆடை உடுத்தித் திராட்சைத் தோட்டங்களில் ஆடுவதும் வழக்கம். நல்லாடை இல்லாதவள் நாணக்கூடாது என்பதற்காக எல்லாரும் இரவல் ஆடையே உடுத்தினர் என்று மிஷ்னா சொல்கிறது. கி.பி. 66இல் உரோமையருக்கு எதிரான போர் மூண்டபோது கூட இந்த விறகுத் திருநாள் கொண்டாடப்பட்டதை வரலாற்றாசிரியர் பிளேவியுஸ் யோசேபுஸ் குறித்துள்ளார்.

அந்த ஒரு நாளுக்கு இத்துணைச் சிறப்பு ஏன்? அதற்குத் தால்முத் நூல் பல காரணங்களைச் சொல்கிறது. அவற்றுள் ஒன்று நம் கேள்விக்கு நேரான விடை. ஆவ் மாதம் பதினைந்தாம் நாளோடு பலிபீடத்துக்கு மரம் வெட்டுவது நிறுத்தப்பட்டது. அதன்பின் வெயிலின் வலிமை குன்றிவிடும். வெட்டிய மரம் சரியாக உலராது. ஈரம் தங்கிய மரத்தில் புழு பிடிக்கும் என்பது உரையாசிரியர்கள் தரும் விளக்கம். எனவே அந்நாளுக்குக் 'கோடரி முறிக்கும் நாள்' என்றே ஒரு பெயர் வழங்கிற்று.

ஆவ் மாதத்துப் பதினைந்து என்பது முழுநிலா நாள். நம் கணக்கில் ஏறத்தாழ ஆடிப் பௌர்ணமி. எருசலேமில் கோடை முழுவதும் மழை இல்லை எனலாம். நம் கீழைக்கரை மாவட்டங்களில் ஐப்பசி மழை தொடங்கும் காலத்தை ஒட்டியே அங்கும் முன்மாரி தொடங்குகிறது. ஆடியில் கோடரியைக் கீழே வைத்தால்தான் கடைசியாக வெட்டிய கட்டைக்கும் மழைக்கு முன் இரண்டு, மூன்று மாத வெயிலும் காற்றும் கிடைக்கும். மழையோடு நடத்தும் போரில் வெற்றியோ தோல்வியோ வெயிற்காலத்திலேயே முடிவாகிவிடுகிறது என்பதை அம்மக்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

விறகு கோவிலுக்கு வந்து சேர்ந்தபின் நடந்தது நம் சிந்தனைக்கு இன்னும் உரியது. பெண்கள் முற்றம் எனப்பட்ட வெளிமுற்றத்தின் நான்கு மூலைகளிலும் நான்கு கூடங்கள் இருந்தன என்றும், அவை கூரையற்றவை என்றும் மிஷ்னா கூறுகிறது. அவற்றுள் வடகிழக்கு மூலையில் இருந்தது விறகுக் கூடம். அத்தி, வாதுமை, பைன் ஆகிய மரங்களின் விறகே பெரிதும் பயன்பட்டது. அங்கே விறகை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துப் புழு அரித்ததை விலக்குவதற்கென்றே குருக்கள் சிலர் இருந்தனர். புழு விழுந்த கட்டை பலிபீடத்துக்கு ஆகாது.

யார் அந்தக் குருக்கள்? உடற்குறை உடையவர்கள். ஆரோன் வழியில் பிறந்தும், கால் ஊனமோ கண் குறையோ உள்ளவர் பலி செலுத்தப் பீடத்தை அணுகலாகாது என்பது லேவியர் நூல் 21ஆம் அதிகாரத்தின் விதி. புனித உணவில் அவர்களுக்குப் பங்கு உண்டு. பீடத்தில் இடம் இல்லை. அத்தகையோர் கையில்தான் பீடத்தின் நெருப்பையே காக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டிருந்தது. எவரைப் பழுதுள்ளவர் என்று விதி விலக்கியதோ, அவரே பழுதற்ற விறகைத் தேர்ந்தெடுத்தார். நெருப்பின் முன் நின்றவர்களை மக்கள் கண்டார்கள். மூலைக் கூடத்தில் குனிந்து கட்டைகளைப் புரட்டியவர்களை எத்தனை பேர் கண்டிருப்பார்கள்?

மிஷ்னா பேசுவது புழுவைப் பற்றி. நம் வீட்டு விறகின் தொல்லையோ பூஞ்சணம். இரண்டுக்கும் உள்ள உறவை வெளிப்படுத்திய வரலாற்றிலும் ஒரு துறவிக்குப் பங்குண்டு. ஆஸ்திரியாவின் புனித ஃபுளோரியான் மடத்தைச் சேர்ந்த யோசேப் ஷ்மிட்பெர்கர் பழமர வளர்ப்பில் தேர்ந்தவர். மரத்தைத் துளைக்கும் சிறு வண்டுகளின் குடைவழிகளில் வெண்மையான ஒரு பொருள் படிந்திருப்பதையும், வண்டின் புழுக்கள் அதனை உண்பதையும் அவர் கண்டார். 1836இல் அதற்கு 'அம்புரோசியா', அதாவது தேவர்களின் உணவு, என்று பெயரிட்டார். அது மரச்சாற்றிலிருந்து உண்டாவது என்பது அவர் எண்ணம். அது ஒரு பூஞ்சணமே என்பதை 1844இல் நிறுவியவர் செருமானிய வனவியல் அறிஞர் தியோடோர் ஹார்ட்டிக். ஈரமான புதுமரத்தில் வண்டு பூஞ்சணத்தைக் கொண்டுவந்து வளர்க்கிறது. பூஞ்சணம் வண்டின் குஞ்சுகளை வளர்க்கிறது.

தியோடோரின் மகன் இராபர்ட் ஹார்ட்டிக் மற்றோர் உண்மையைக் கண்டார். மரம் உளுத்துப்போவதன் விளைவாகவே காளான் முளைக்கிறது என்று பலர் அதுவரை எண்ணியிருந்தனர். நிகழ்வது இதற்கு மாறானது என்று 1874இலும் 1878இலும் வெளியிட்ட நூல்களில் அவர் காட்டினார். கண்ணுக்குத் தெரியாத பூஞ்சண இழைகள் முதலில் மரத்தினுள் பரவுகின்றன. அவை உண்பதனால்தான் மரம் உளுத்துப்போகிறது. வெளியே காளான் தோன்றும்போது உள்ளே வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும்.

இவ்வறிவு நம் விறகடுக்குக்கும் பயன்படும். புதிதாக வெட்டிய மரத்தில் உள்ள நீர், அதன் உலர்ந்த எடையில் பாதிக்கும் மேலாக இருக்கக்கூடும். அது 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் பூஞ்சணத்துக்கு வாழ்வில்லை. எனவே கட்டையைப் பிளந்து, கல்லின்மேலோ குறுக்குக் கட்டையின்மேலோ தரை படாமல், இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். மேலே மட்டும் மூடிப் பக்கங்களைத் திறந்துவிட வேண்டும். மழைக்கு அஞ்சி நாற்புறமும் தார்ப்பாய் சுற்றினால் உள்ளிருக்கும் ஈரத்தையே சிறைப்படுத்துகிறோம். மேற்பரப்பில் மட்டும் படர்ந்த பூஞ்சணம் மரத்தில் எஞ்சியுள்ள சர்க்கரையையும் மாவுச்சத்தையும் உண்பது. அத்தகைய கட்டையை அடுக்கிலிருந்து பிரித்து வெயிலிலும் காற்றிலும் உலர்த்தினால் நன்றாக எரியும். அழுத்தினால் பஞ்சுபோல் அமுங்கும் கட்டையோ தன் சத்தை இழந்துவிட்டது. அதைத் தனியே விலக்குவதே முறை.

பூஞ்சணம் படிந்த கட்டையைத் துடைப்பதாயின் வீட்டுக்கு வெளியே, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு துடைக்க வேண்டும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மேப்பிள் மரப்பட்டை உரித்த தொழிலாளர்கள் கடும் மூச்சுத்திணறலுக்கு ஆளாயினர். பட்டைக்கடியில் இருந்த பூஞ்சணத் தூளே அதற்குக் காரணம் என்று 1932இல் மருத்துவர்கள் எழுதினர். ஈரவிறகின் புகையும் அதற்குக் குறைந்த பகையன்று. விறகு, கரி, மண்ணெண்ணெய் போன்றவற்றின் புகை வீட்டுக் காற்றை மாசுபடுத்தியதால் 2020இல் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் உயிரிழந்தனர் என்பது உலக நலவாழ்வு அமைப்பின் கணக்கு. உலர்ந்த விறகு புகையைக் குறைக்குமேயன்றி நீக்கிவிடாது. ஆயினும் வேறு அடுப்புக்கு வழியில்லாத ஏழைத் தாய்க்கு அந்தக் குறைவும் ஓர் ஆறுதலே.

கோவில் கி.பி. 70இல் எரிந்தழிந்தது. அணையாத நெருப்பும் அன்றோடு நின்றது. எனினும் அதன் விறகுக் கூடம் நமக்கு ஒன்றை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. இறைப்பற்று என்னும் நெருப்பு துன்ப நாளில் நம்முள் எரிய வேண்டுமென்று வேண்டுகிறோம். மழை வந்தபின் விறகு தேடுவோர் போல, நோயும் இழப்பும் வந்தபின்பே செபத்தையும் நட்பையும் நற்பழக்கத்தையும் தேடுகிறோம். வெயில் உள்ள போதே வெட்டவும் பிளக்கவும் உலர்த்தவும் வேண்டியவை அவை. குறைகளை நாற்புறமும் மூடிவைக்கும் குடும்பத்திலும் பங்கிலும் ஈரம் உள்ளேயே தங்கிவிடுகிறது. காளான் வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

நம் பங்குகளிலும் பீடத்தருகே நிற்போர் சிலர். மூலைக் கூடத்தில் குனிந்திருப்போர் பலர். கோவிலைப் பெருக்குபவர், விழா முடிந்து பாத்திரம் கழுவுபவர், நோயாளியின் கட்டிலருகே இரவெல்லாம் விழித்திருப்பவர் ஆகியோரை எண்ணிப் பார்ப்போம். அவர்களுள் தம்மைக் குறையுள்ளவர் என்று பிறர் சொல்லக் கேட்டவர்களும் உண்டு. அவர்கள் தேர்ந்து அடுக்கிய விறகில்தான் நம் திருப்பலியின் நெருப்பு எரிகிறது.