பிப்ரவரி 29

கிரெகோரியன் நாட்காட்டியில் லீப் ஆண்டுகளில் மட்டும் வரும் நாள். அவ்வாண்டின் 60ஆம் நாள். 400 ஆண்டுகளில் 97 முறை வருகிறது. தமிழ்ப் பஞ்சாங்கத்தில் இக்காலத்தில் மாசி 17ஐ ஒட்டி அமைகிறது. சூரியன் ராசி மாறும் நேரமே தமிழ் மாதங்களின் நீளத்தை முடிவு செய்வதால், அங்கே இப்படித் தனியாக ஒரு நாளைச் செருகும் தேவை எழவில்லை.

தோற்றம்: ஜூலியஸ் சீசர் கி.மு. 46இல் ஆணையிட்டு மறு ஆண்டு நடைமுறைக்கு வந்த சீர்திருத்தத்தில், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நாள் சேர்க்கப்பட்டது. ஆனால் அது மாதக் கடைசியில் சேரவில்லை. பிப்ரவரி 24ஆம் நாளே இருமுறை எண்ணப்பட்டது. சீசர் கொலையுண்டபின் ரோமானியக் குருமார் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையே நாளைக் கூட்டிவந்தனர். அகஸ்டஸ் சில லீப் ஆண்டுகளை விடுத்து அதைச் சரிசெய்தார். அவை எந்தெந்த ஆண்டுகள் என்பதில் அறிஞர்களிடையே இன்றும் உடன்பாடில்லை.

இடைக்காலச் செய்திகள் குறைவு. கூடுதல் நாளையும் அதற்கு முந்தைய நாளையும் ஒரே நாளாகக் கருத வேண்டும் என்று இங்கிலாந்தில் மூன்றாம் ஹென்றி காலத்துச் சட்டம் ஒன்று கூறியது. மாத நாட்களை ஒன்று முதல் வரிசையாக எண்ணும் வழக்கம் பரவியபின் 29 என்ற எண் நிலைபெற்றது. 1582இல் போப் பதின்மூன்றாம் கிரிகோரியின் திருத்தப்படி, 400ஆல் வகுபடாத நூற்றாண்டு ஆண்டுகள் இந்நாளை இழந்தன. சுவீடன் மெல்ல மெல்ல மாற எண்ணி 1700இல் லீப் நாளைக் கைவிட்டது. பின்னர் அத்திட்டமே குழம்ப, பழைய கணக்குக்குத் திரும்புவதற்காக 1712இல் பிப்ரவரி 30 என்றொரு நாளையே கொண்டாடித் தீர்த்தது.

1504: கொலம்பஸின் நான்காம் பயணத்தில் கப்பல்கள் புழு அரித்துப் பழுதாகி ஜமைக்காவின் வடகரையில் ஒதுங்கின. மாதக்கணக்கில் உணவு கொடுத்துவந்த தைனோ மக்கள் ஒரு கட்டத்தில் கொடுப்பதை நிறுத்தினர். கையிலிருந்த வானியல் பஞ்சாங்கத்தைப் பார்த்து, கடவுள் சினத்தால் நிலவு மறையும் என்று கொலம்பஸ் அச்சுறுத்தினார். பிப்ரவரி 29 மாலை நிலவு கிரகணத்தோடு எழுந்தது. உணவும் திரும்ப வந்தது. அவரிடம் இருந்தது ரெஜியோமொன்டானஸின் பஞ்சாங்கம் என்பது பெரும்பான்மைக் கருத்து; சக்கூத்தோவினுடையது என்போரும் உண்டு. நமக்குக் கிடைப்பவை கொலம்பஸ் தரப்பின் பதிவுகள் மட்டுமே. தைனோ மக்கள் இதை எப்படி நினைவுகூர்ந்தார்கள் என்பதற்கு எழுத்துச் சான்று இல்லை.

பிறந்தநாட்கள்: இந்திய வரலாற்றில் இந்நாளை நினைவில் நிறுத்தியவர்கள் இருவர். மொரார்ஜி தேசாய் 1896இல் இன்றைய குஜராத்தின் வல்சாடை அடுத்த பதேலியில் பிறந்தார். 1900 லீப் ஆண்டு அல்ல. எனவே பிறந்த தேதியை அவர் முதன்முதலில் மீண்டும் கண்டது எட்டு வயது நிறைந்தபோது, 1904இல்தான். அதே 1904 பிப்ரவரி 29 அன்று மதுரையில் ருக்மிணி தேவி பிறந்தார்.

பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் நடனம் பயின்ற ருக்மிணி தேவி, 1935 டிசம்பரில் அடையாறு பிரம்மஞான சபை விழாவில் ஆடினார். மறு ஆண்டே கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். தாம் பயின்ற சதிராட்டத்தை அவர் காப்பாற்றினாரா, அதை வளர்த்த இசை வேளாளர் மரபிலிருந்து பிரித்தெடுத்தாரா என்ற விவாதம் ஓயவில்லை. 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டு, விலங்குவதைத் தடுப்புக்காக அங்கே ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். 1960இல் இயற்றப்பட்ட சட்டத்துக்கு அதுவே வித்து.

1977இல் 81 வயதில் பிரதமரான மொரார்ஜி, குடியரசுத் தலைவர் பதவிக்கு ருக்மிணி தேவியை அணுகினார். அவர் மறுத்துவிட்டார், நீலம் சஞ்சீவ ரெட்டி போட்டியின்றித் தேர்வானார். ருக்மிணி தேவி இசைந்திருந்தால், ஒரே அரிய நாளில் பிறந்த இருவர் நாட்டின் இரு உயர் பதவிகளிலும் ஒரே காலத்தில் அமர்ந்திருப்பார்கள். ருக்மிணி தேவி 1986 பிப்ரவரி 24 அன்று காலமானார். ரோமானியர் இரட்டித்து எண்ணிய தேதி அது. மொரார்ஜி 1995 ஏப்ரலில், 99 வயதில் மறைந்தார். தாம் பிறந்த தேதியை அவர் கண்டது 23 முறை.

நிதியமைச்சராக மொரார்ஜி 1968இல் பிறந்தநாளன்றே வரவுசெலவுத் திட்டத்தைத் தாக்கல் செய்தார். 1964இலும் அவ்வாறே செய்ததாகச் சில தொகுப்புகள் கூறுகின்றன. ஆனால் காமராஜர் திட்டத்தின்படி அவர் 1963இலேயே பதவி விலகியிருந்தார். அடுத்து அப்பொறுப்பை ஏற்றவர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி. ஆகவே அக்கூற்றை எச்சரிக்கையோடு கொள்ள வேண்டும்.

இத்தாலிய இசையமைப்பாளர் ரொசீனி பிறந்தது 1792இல். டாஸ்மேனியாவின் பிரதமராக இருந்த ஜேம்ஸ் மில்ன் வில்சன் 1812இல் இந்நாளில் பிறந்து 1880இல் இதே நாளில் இறந்தார்.

பிற நிகழ்வுகள்: 1940இல் ஹாட்டி மெக்டேனியல் ஆஸ்கர் விருது பெற்ற முதல் கறுப்பினத்தவரானார். விழா நடந்த லாஸ் ஏஞ்சலஸ் விடுதி கறுப்பினத்தவரை அனுமதிக்காதது. சிறப்பு இசைவு பெற்று உள்ளே வந்த அவருக்குச் சக நடிகர்களிடமிருந்து விலகி, சுவரோரமாக ஒரு சிறு மேசை கிடைத்தது. பெயர் அறிவிக்கப்பட்டதும் அங்கிருந்தே மேடைக்கு நடந்துவந்தார். 1960இல் மொராக்கோவின் அகாதிர் நகரை நள்ளிரவுக்குச் சற்று முன் நிலநடுக்கம் தகர்த்தது. உயிரிழந்தோர் 12,000 முதல் 15,000 வரை என்று மதிப்பீடுகள் வேறுபடுகின்றன.

அனுசரிப்புகள்: அரிய நோய்கள் தினம் 2008இல் இந்நாளில் தொடங்கப்பட்டது, மற்ற ஆண்டுகளில் பிப்ரவரி 28இல் வருகிறது. 1980இல் பிரான்சில் தோன்றிய 'லா பூஜி து சப்பர்' செய்தித்தாள் பிப்ரவரி 29இல் மட்டும் வெளியாகிறது. கடைசியாக வந்தது 2024இல்.

இந்நாளில் பிறந்தோர் சாதாரண ஆண்டுகளில் எந்த நாளில் வயதை எட்டுகிறார்கள் என்பது நாட்டுக்கு நாடு மாறும். நியூசிலாந்துச் சட்டம் பிப்ரவரி 28ஐ ஏற்கிறது. ஹாங்காங் மார்ச் 1ஐ.