தை நீராடலும் கரையில் நின்ற மூதாட்டியரும்



தை பிறப்பதற்குச் சில நாள்களுக்கு முன்பு, ஐந்தாம் ஆண்டு வகுப்பில் பாவை நோன்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கதிரவன் எழுமுன்பே பெண்கள் ஒருவரையொருவர் எழுப்பிக்கொண்டு நீர்த்துறைக்குச் செல்வர் என்று கூறியதும், ஒரு மாணவி கையை உயர்த்தினாள்.

“சளி பிடிக்காதா, ஐயா?”

வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால், வீட்டிற்கு வந்து எண்ணிப் பார்த்தபோது அது சிரித்து ஒதுக்கத்தக்க வினா அன்று எனத் தோன்றியது. தெலுக் பங்லிமா காராங்கில் பிறந்த குழந்தைக்கு மார்கழிக் குளிர் எப்படித் தெரியும்? நம் கிள்ளான் வட்டாரத்தில் ஆண்டு முழுவதும் விடியற்காலை வெப்பம் ஏறத்தாழ 24 பாகைதான். பனி என்பது இவர்களுக்குப் பாடநூலில் வரும் ஒரு சொல்.

அந்த மாணவியின் வினாவைச் சங்கப் புலவர்களும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள் என்பதே வியப்பு! பரிபாடலின் பதினோராம் பாடல் வையை ஆற்றைப் பற்றியது. பாடியவர் நல்லந்துவனார். அதில் ஒரு காட்சி வருகிறது. கார்மேகம் நீங்கிவிட்டது. பனியால் உடல் நடுங்கும் பருவம், கதிரவனும் சுடுவதில்லை. நிறைமதியோடு கூடிய ஆதிரை நாளில் அந்தணர் விழாவைத் தொடங்குகின்றனர். உலகம் வெப்பத்தால் வாடாதிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, கன்னிப் பெண்கள் பனிக்காலத்து வைகறையில் ஆற்றில் இறங்குகிறார்கள். வாடைக்காற்று வீசுகிறது. நீராடி எழுந்தவர்கள், கரையில் அந்தணர் வளர்த்த தீயின் அருகே நின்று ஈர ஆடையை உலர்த்திக்கொள்கிறார்கள்.

சளிக்கு மருந்து அந்தத் தீயிலேயே இருக்கிறது அல்லவா?

என் மனத்தை அதனினும் ஈர்த்தது வேறொரு செய்தி. இந்த நீராடலுக்கு ‘அம்பா ஆடல்’ என்று பெயர். தாயருடன் ஆடப்படுவதால் அப்பெயர் வந்தது என்பது உரை விளக்கம். நோன்பின் முறைமையை அறிந்த முதிய பெண்கள் நீர்த்துறையில் நின்று இளையோர்க்கு வழிகாட்டினர் என்றும் பாடல் கூறுகிறது. ஆகவே, பிள்ளைகள் தாமாகவே ஓடிப்போய்க் குளிர்நீரில் குதிக்கவில்லை. அறிந்தவர் உடன் நின்றனர். குளிர் காயத் தீயும் ஆயத்தமாக இருந்தது.

தை மாதத்து நீரின் தண்மை அக்காலத்தார்க்கு ஓர் அளவுகோலாகவே இருந்திருக்கிறது. குறுந்தொகை 196ஆம் பாடலில், மிளைக் கந்தன் என்னும் புலவர் தோழியின் வாயிலாகத் தலைவனை இடித்துரைக்கிறார். முன்பு தலைவி வேம்பின் காயைத் தந்தாலும் இனித்தது. இப்பொழுதோ, பாரியின் பறம்பு மலைச் சுனைநீரைத் தைத் திங்களின் குளிர்ச்சியோடு தந்தாலும் சுடுகிறது, உவர்க்கிறது என்கிறாயே என்கிறாள் தோழி. குளிர்ச்சிக்கு எல்லை எதுவென்று கேட்டால் ‘தை மாதச் சுனைநீர்’ என்று அன்றைய வாசகர் உடனே சொல்லியிருப்பார் போலும்.

தை நீராடல் எப்படி மார்கழி நீராடல் ஆயிற்று என்று ஆசிரியர்கள் சிலர் கேட்பதுண்டு. நிறைமதிக்கு மறுநாளில் மாதம் தொடங்குவதாகக் கொண்ட பழைய கணக்கில், மார்கழித் திருவாதிரைக்குப் பின் தை பிறந்துவிடும் என்பது அறிஞர் சிலர் தரும் விளக்கம். பிற்காலத்தில் ஆண்டாளின் திருப்பாவை முப்பது பாடல்களும் மாணிக்கவாசகரின் திருவெம்பாவை இருபது பாடல்களும் மார்கழிக்கே உரியனவாய் நிலைத்துவிட்டன.

அப்பாடல்கள் கடலையும் கடந்தன. பாங்காக்கில் தாய்லாந்து அரசவைப் பிராமணர் நடத்தும் ‘திரியம்பாவாய்’ விழாவின் பெயரிலேயே திருவெம்பாவை ஒலிக்கிறது. அவ்விழாவையொட்டிப் பெரிய ஊஞ்சலில் ஆடும் சடங்கு 1935ஆம் ஆண்டு வரை நடந்தது. அங்கே சென்ற பாவைப் பாடல், குளிர்நீரில் இறங்கும் பெண்களை விட்டுப் பிரிந்து கோயிலுக்கு உரியதாகிவிட்டது. நம் தோட்டங்களிலும் ஏறக்குறைய அதுவே நடந்தது. பால்மரத் தோட்டத்தில் விடியற்காலை என்றால் பெரட்டுக்கு ஓடும் நேரம். என் பாட்டி மார்கழியில் நான்கு மணிக்கே எழுந்து குழாயடியில் தலைக்கு நீர் ஊற்றிக்கொள்வார். பிறகு கோயிலில் ஒரு பாட்டு, அதன்பின் பெரட்டு. ஆற்றில் இறங்க அவருக்கு ஏது நேரம்?

தைப்பூசத்தன்று பத்துமலையில், பத்து ஆற்றங்கரையில் நீராடிக் காவடி எடுப்போரைக் காணும்போது மட்டும் பழைய தை நீராடலின் நிழல் தெரிவதாக எனக்குத் தோன்றும். இது என் எண்ணமே. வரலாற்று முடிபு அன்று.

நீந்துவதும் மூழ்குவதும் நம்மவர்க்குப் புதியன அல்ல. புறநானூறு 243இல் ஒரு முதியவர் பேசுகிறார். தண்டூன்றி, இருமலுக்கிடையே சில சொற்கள் சொல்லும் நிலையில் இருக்கும் அவர், இளமையை நினைக்கிறார். நீரோரத்து மருதமரக் கிளையில் ஏறி, கரையிலிருப்போர் வியக்கத் துடுமெனப் பாய்ந்து, ஆழ்மடுவின் அடியிலிருந்து மணலை அள்ளி வந்த இளமை அது! பாடியவர் தொடித்தலை விழுத்தண்டினார். இப்பாடலை நடத்தும்போதெல்லாம் என் குரல் சற்றுத் தாழும். காரணம் உண்டு.

நான் சிறுவனாக இருந்தபோது, என்னோடு படித்த ஒருவன் பள்ளி விடுமுறையில் லங்காட் ஆற்றில் இறங்கினான்; திரும்பவில்லை. அன்றிலிருந்து எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்கு ஒரே நீச்சல் பாடம்தான்: “ஆற்றுப் பக்கம் போகாதே!” முதலை இருக்கிறது என்றும் அச்சுறுத்தினர். பெற்றோரைக் குறைகூற மாட்டேன். அவர்களுக்கும் நீந்தத் தெரியாது. எங்களோடு துறையில் நிற்க ஆளும் இல்லை. ஆனால், அச்சம் நீச்சலைக் கற்றுத் தராது. எங்களுள் பலர் நீந்தத் தெரியாமலேயே வளர்ந்தோம்.

குளிர்நீர் விளையாட்டல்ல. உடல் திடீரென அதில் மூழ்கும்போது மூச்சு வாரிக்கொள்ளும். முதல் சில மணித்துளிகளே மிகவும் இடரானவை. 1971ஆம் ஆண்டு பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து மீண்ட வல்வெட்டித்துறை ஆனந்தன், 1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது உயிர்நீத்தார். தமிழகத்துக் குற்றாலீசுவரனோ 1994இல் அதே கால்வாயைக் கடந்தார். அங்கே நீந்துவோர் எவருடனும் ஒரு படகு துணையாகச் செல்லும். வையைத் துறையில் நின்ற மூதாட்டியரின் வேலையைத்தான் அந்தப் படகு செய்கிறது என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

மறுநாள் வகுப்பில் அந்த மாணவிக்கு விடை சொன்னேன். கரையில் தீ இருந்தது, பாட்டிமார் இருந்தனர் என்றேன். அவள் விடவில்லை.

“உங்களுக்கு நீந்தத் தெரியுமா, ஐயா?”

தெரியாது என்றேன். இம்முறை வகுப்பு சிரிக்கவில்லை.

இப்பொழுது சனிக்கிழமைகளில் என் மகனோடு கிள்ளானில் உள்ள நீச்சல் குளத்திற்குச் செல்கிறேன். காலை ஏழு மணிக்கு, முதல்நாள் இரவு மழை பெய்திருந்தால், நீர் நன்றாகவே குளிர்கிறது. மகன் பத்து மீட்டர் போகிறான். நான் இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். என் மனைவி துண்டுகளோடும் சுக்குக் காப்பியோடும் கரையில் நிற்கிறார்.