வாண்டுமாமா – செல்லம்: குட்டீஸ் மறக்காத கூட்டணி

'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கியன், 'நார்னியா' எழுதிய சி.எஸ். லூயிஸ்... இவங்க நட்பை 2024-ல் படங்களோடு புத்தகமாக்கினார் அமெரிக்க ஓவியர் ஜான் ஹென்ட்ரிக்ஸ். தமிழில் மாயக்கதைக்கு அப்படி ஒரு ஜோடி இருக்கா? எழுத்தாளரும் ஓவியருமாக ஒரு ஜோடி இருக்கு.

வாண்டுமாமா யார்?
புதுக்கோட்டை மாவட்டம் அரிமளத்தில் 1925-ல் பிறந்தவர். இயற்பெயர் வி. கிருஷ்ணமூர்த்தி. பெரியவர்களுக்கு எழுதும்போது 'கௌசிகன்', குழந்தைகளுக்கு 'வாண்டுமாமா'. 'கோகுலம்', 'பூந்தளிர்' இதழ்களில் பணியாற்றியவர்.

செல்லம் யார்?
அந்தக் கதைகளுக்கு முகம் கொடுத்த ஓவியர். வாண்டுமாமா எழுத, செல்லம் வரைய, பல சித்திரக்கதைகள் வந்தன. செல்போன் இல்லாத காலத்தில் மந்திரவாதியும் ராட்சதனும் எப்படி இருப்பாங்கன்னு குழந்தைகளுக்குக் காட்டியது இந்தக் கோடுகள்தான்.

கடைசிவரை எழுத்து
புற்றுநோய் பேச்சைப் பாதித்த பிறகும் வாண்டுமாமா எழுதுவதை விடவில்லை. தன் வாழ்க்கைக் கதைக்கு அவர் வைத்த தலைப்பு 'எதிர்நீச்சல்'. 2014 ஜூனில் மறைந்தார்.

எழுதியவர் பெயர் நினைவில் நிற்கும். வரைந்தவர் பெயர் சீக்கிரம் மறந்துபோகும். வீட்டுப் பரணில் பழைய 'பூந்தளிர்' கிடைத்தால், படத்தின் மூலையில் இருக்கும் கையெழுத்தையும் ஒருமுறை பாருங்க.